மெல்போர்ன் வந்ததுக்கு அப்புறம் தும்மல், இருமல், இழுப்பு: எது எதனால வருது, என்ன பண்றது

சென்னைல இருந்த வரைக்கும் எனக்கு அலர்ஜின்னு எதுவுமே கிடையாது. டீசல் புகை, கட்டட தூசி, போகி அன்னைக்கு எரியிற டயர் நாத்தம்னு எல்லாத்தையும் இழுத்து வளர்ந்த மூக்கு இது, இவ்வளவு சுத்தமா காத்து அடிக்கிற ஊருக்கு வந்து கெட்டுப்போகும்னு யார் நினைப்பா? 2014 மார்ச்ல வந்தேன். முதல் வசந்தத்துல (இங்க அது செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும்) ஒண்ணுமில்ல. ரெண்டாவது வசந்தத்துல லேசா கண் அரிப்பு, கம்ப்யூட்டர் பாத்து பாத்து வருதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். மூணாவது வசந்தம் 2016, காலைல எந்திரிச்சா பதினஞ்சு தும்மல், ஆபீஸ்ல டிஷ்யூ டப்பா என் டேபிள்லயே குடியிருக்கு. கிளினிக்ல வைரஸ்னு சொல்லி பாரசிட்டமால் போடச் சொன்னாங்க, அம்மா போன்ல தண்ணி ஒத்துக்கலன்னாங்க, நான் ரெண்டையும் நம்பினேன்.

ஏன் மூணாவது வருஷம்னா, உடம்பு ஒரு புது மகரந்தத்தை முதல் தடவை பாத்த உடனே சண்டைக்குப் போகாது. ஒரு சீசன் ரெண்டு சீசன் பாத்து, ஆளை அடையாளம் வெச்சுக்கிட்டு, அதுக்கு எதிரா ஐஜிஈன்னு ஒரு எதிர்ப்புப் புரதத்தைத் தயார் பண்ணி வெச்சு, அப்புறம்தான் அடிக்கும். அதனால "வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, எனக்கு ஒத்துக்கிச்சு"ன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு லேசா சிரிப்பு வரும். ஆசியாவுல இருந்து மெல்போர்ன் வந்தவங்களை வெச்சு தொண்ணூறுகள்லயே ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, இங்க இருக்கற வருஷம் கூடக்கூட ஹே ஃபீவரும் (இந்த மகரந்த அலர்ஜிக்கு இங்க அதான் பேரு) கூடுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

கீழ ஒவ்வொரு தொல்லையா எழுதிருக்கேன், உங்களுக்கு எது இருக்கோ அங்க போய் படிங்க. நான் டாக்டர் இல்ல, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, அப்புறம் பட்ட பயத்துல தேடித்தேடிப் படிச்சது, அவ்வளவுதான்.

இப்பவே மூச்சு விட முடியல, பேசினா வாக்கியம் முடிய மாட்டேங்குது

மத்ததெல்லாம் அப்புறம் படிங்க. நிமிர்ந்து உக்காருங்க, படுக்கக்கூடாது. நீல கலர் பஃப்பரை (இன்ஹேலரை இங்க அப்படித்தான் சொல்லுவாங்க), அதாவது நம்ம ஊர் அஸ்தாலின்ல இருக்கற அதே சால்பியூட்டமால், நல்லா குலுக்கி ஸ்பேசர்ல (மருந்து தங்கி நிக்கிற பிளாஸ்டிக் குழாய்) மாட்டி ஒரு பஃப் அடிச்சு 4 மூச்சு இழுங்க, மறுபடி குலுக்கி இன்னொண்ணு, இப்படி மொத்தம் 4 பஃப். 4 நிமிஷம் பொறுங்க. குறையலைன்னா திரும்ப 4, அப்பவும் குறையாதபட்சத்துல ட்ரிபிள் ஸீரோவுக்கு (000, இங்க அவசர நம்பர்) அடிச்சிடுங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் 4 நிமிஷத்துக்கு ஒரு தடவை 4 பஃப் ஓடிக்கிட்டே இருக்கட்டும். உதடு நீலமா மாறுது, ஆள் சோர்ந்து போறாரு, பேச்சே வரலைன்னா இந்த 4 நிமிஷக் கணக்கெல்லாம் பாக்காதீங்க, உடனே போன் பண்ணிட்டு பஃப்பரை எடுங்க.

இங்கிலீஷ் தடுமாறும்னு அம்மா அப்பா போன் பண்ணத் தயங்குவாங்க. "ஆம்புலன்ஸ், ஆஸ்துமா, தமிழ்" இந்த மூணு வார்த்தையையும் வீட்டு அட்ரஸையும் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க, அந்தப் பக்கம் தமிழ் பேசறவங்களை லைன்ல சேத்துவிடுவாங்க. இன்னொண்ணு, விக்டோரியால (மெல்போர்ன் இருக்கற மாநிலம்) ஆம்புலன்ஸ் செலவு மெடிகேர்ங்கற அரசாங்க மருத்துவக் காப்பீட்டுல வராது, ஒரு தடவை வந்தாலே ஆயிரம் டாலருக்கு மேல பில். அந்த பில்லை நினைச்சு நம்மாளுங்க காரை எடுத்துக்கிட்டு கிளம்பிடறாங்க, பாதி வழில மூச்சு நின்னா ஸ்டியரிங்ல இருக்கறவர் என்ன பண்ணுவாரு? ஆம்புலன்ஸ் மெம்பர்ஷிப் போட்டுடுங்க, வருஷ சந்தா அந்த பில்லோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. ஸ்டூடண்ட் விசாக்காரங்க அவங்க ஹெல்த் இன்சூரன்ஸ்லயே இது இருக்கான்னு பாத்துக்கோங்க.

அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் தும்மல், கண் அரிப்பு, அண்ணம் நமநமன்னு இருக்கு

இது ரைகிராஸ். ஆடு மாடு மேய்ச்சலுக்குன்னு விதைக்கிற புல்லு, மெல்போர்னுக்கு வடக்கயும் மேற்கயும் ஏக்கர் ஏக்கரா கிடக்கு. டார்னீட், வெரிபீ, மெல்ட்டன் பக்கம் வீடு விலை கம்மின்னு நம்ம ஜனம் போய் உக்காந்திருக்கறது சரியா அந்தப் புல்வெளி ஓரத்துலதான். எல்லாரும் பழியைத் தூக்கி மஞ்சளா பூத்து நிக்கிற வாட்டில் மரத்து மேல போடுவாங்க. அதோட மகரந்தம் கனம், காத்துல ரொம்ப தூரம் வராது. கண்ணுக்குத் தெரியிற பூ பெரும்பாலும் நிரபராதி, பூன்னே தெரியாத புல்லுதான் கேஸு.

வைரஸா அலர்ஜியான்னு நீங்களே பாத்துக்கலாம். சளி ஜுரம்னா ஒரு வாரம் பத்து நாள்ல முடிஞ்சுடும், உடம்பு வலிக்கும், கண்ணு இவ்வளவு அரிக்காது. அலர்ஜின்னா ஜுரம் கிடையாது, மூக்குல வர்றது தண்ணி மாதிரி இருக்கும், வாரக்கணக்குல போகும். அதை விட நல்ல டெஸ்ட் காத்து. வடக்கு காத்து அடிச்சு 33, 35 டிகிரி வெயில் காயிற அன்னைக்கு மூக்கு உயிரை வாங்குது, சாயங்காலம் தெற்குல இருந்து கடல் காத்து திரும்பினதும் அரை மணி நேரத்துல அடங்குதுன்னா வேற சாட்சியே தேவையில்ல. வடக்கு காத்து புல்வெளி தாண்டி வருது, தெற்கு காத்து பாஸ் ஜலசந்தி தாண்டி வருது, கடல்ல ஏது புல்லு.

என்ன பண்றது: பார்மசில டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிற ஸ்டீராய்டு நேசல் ஸ்ப்ரே, ஃப்ளூட்டிகசோன், மொமெடசோன் இந்த மாதிரி. ஸ்டீராய்டுன்னதும் பதற வேணாம், மூக்கோட நிக்கிற அளவுதான். ஆனா இது தலைவலி மாத்திரை மாதிரி போட்ட உடனே கேக்காது, முழுசா வேலை செய்ய சில நாள் ஆகும், அதனால செப்டம்பர்லயே ஆரம்பிச்சு சீசன் முடியிற வரைக்கும் தினமும் அடிக்கணும். நான் முதல் வருஷம் தும்மல் வந்த அன்னைக்கு மட்டும் அடிச்சிட்டு "வேஸ்ட்டுப்பா"ன்னு தூக்கிப் போட்டவன்.

அடிக்கிற விதம்னு ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லித் தரமாட்டாங்க. தலையை அண்ணாந்து பாக்காம லேசா கீழ குனிஞ்சு, வலது கையால இடது துவாரத்துல வெச்சு, நுனி நடு எலும்பைப் பாக்காம வெளிப்பக்கம் அதே பக்கத்துக் காதைப் பாத்து இருக்கணும், அடிச்சிட்டு மெதுவா மூச்சு, உர்ருன்னு உறிஞ்சக்கூடாது. தொண்டைல கசப்பு இறங்குச்சுன்னா மருந்து வயித்துக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். நடு எலும்பு மேலயே அடிச்சா ரத்தம் வரும், அப்புறம் ஸ்ப்ரே மேல பழி.

கூடவே தேவைப்படற அன்னைக்கு செட்ரிசின், லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் இதுல ஏதாவது ஒண்ணு. ஊர்ல இருந்து ஏவில் அட்டை அட்டையா கொண்டு வர்ற பழக்கம் நமக்கு இருக்கு, அது தூக்கத்துல தள்ளும், போட்டுட்டு ஃப்ரீவேல வண்டி ஓட்டாதீங்க. ஊர்ல சர்வசாதாரணமா எழுதிக் குடுக்கிற லெவோசெட்ரிசின் மான்டிலூகாஸ்ட் சேந்த மாத்திரைலயும் ஜாக்கிரதை, மான்டிலூகாஸ்ட் சில பேருக்கு, குறிப்பா குழந்தைங்களுக்கு, கெட்ட கனவு, எரிச்சல், மனசு சோர்வெல்லாம் கொண்டு வரும், அதனால இங்க டாக்டர்கிட்ட சொல்லாம தொடராதீங்க.

வருஷா வருஷம் இதே கதைன்னா ஜிபிகிட்ட, அதாவது குடும்ப டாக்டர்கிட்ட, ரத்தத்துல ஐஜிஈ டெஸ்ட் எழுதச் சொல்லுங்க. தோல்ல குத்திப் பாக்கற டெஸ்ட்னா அதுக்குச் சில நாள் முன்னாடியே அலர்ஜி மாத்திரையை நிறுத்தணும், எத்தனை நாள்னு அவங்களே சொல்லுவாங்க, நிறுத்தாம போனா ரிசல்ட் பொய் சொல்லும். புல்லுன்னு உறுதியாச்சுன்னா நாக்குக்கு அடில வைக்கிற மாத்திரை இருக்கு, சீசனுக்கு சுமார் 4 மாசம் முன்னாடி ஆரம்பிக்கணும், 3 வருஷம் ஓட்டணும், காசும் கொஞ்சம் ஜாஸ்தி. என் மச்சான் எடுத்தான், இப்ப நவம்பர்ல கிரிக்கெட் ஆடறான்.

ஹே ஃபீவர் இருக்கு, இடி மழை வர்றப்ப நெஞ்சு இறுக்குது

இந்தப் பகுதிக்காகத்தான் நான் எழுதவே உக்காந்தேன்.

2016 நவம்பர் 21, திங்கக்கிழமை. பகல் முழுக்க அனல், 35 டிகிரி கிட்ட. சாயங்காலம் ஆறு மணி வாக்குல மேற்கால இருந்து கருமேகம் வந்துச்சு, அடடா மழை வரப்போகுதுன்னு நான் நம்ம ஊர் புத்தியோட ஜன்னலை எல்லாம் திறந்து விட்டுட்டு பின்கட்டுல போய் நின்னேன். காத்து வந்துச்சு, நாலு சொட்டு மழை வந்துச்சு. முக்கால் மணி நேரத்துல நெஞ்சு மேல யாரோ அரிசி மூட்டையை வெச்ச மாதிரி, மூச்சு விட்டா கடைசில விசில் சத்தம். வாழ்க்கைல அதுக்கு முன்னாடி வீசிங் வந்ததில்ல. வீட்டுல பஃப்பர் இல்ல. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்துட்டு, "என்ன தம்பி, உங்களுக்கு இழுக்குதெல்லே? இஞ்ச வாங்கோ கெதியா"ன்னு மகனோட பஃப்பரையும் ஸ்பேசரையும் எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. அன்னைக்கு அது இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்கிறதே இல்ல.

அன்னைக்கு நைட்டு ஆம்புலன்ஸ் லைன் உச்சத்துல இருந்தப்ப நாலரை செகண்டுக்கு ஒரு கால் வந்துச்சு. ரெண்டே நாள்ல வழக்கத்தை விட 3,000 பேருக்கு மேல கூடுதலா மூச்சுத் தொல்லையோட எமர்ஜென்சிக்கு வந்தாங்க. 10 பேர் செத்துப் போனாங்க. அப்புறம் நடந்த ஆய்வுல தெரிஞ்சதுதான் நமக்கான சேதி: பாதிக்கப்பட்டவங்கள்ல இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா வம்சாவளி ஜனங்க, ஊர்ல இருக்கற எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுக்கு அதிகம், அதுல பெரும்பாலானவங்களுக்கு ஹே ஃபீவர் இருந்துச்சு, ஆனா ஆஸ்துமான்னு ஏற்கெனவே பேர் வெச்சவங்க கம்மி. அதாவது என்னை மாதிரி, "வெறும் தும்மல்தானே"ன்னு இருந்தவங்க.

எப்படி நடக்குதுன்னா, ரைகிராஸ் மகரந்தம் முழுசா இருக்கறப்ப பெருசு, மூக்குலயே மாட்டிக்கும், தும்மலோட போச்சு. இடிமேகம் வர்றப்ப ஈரம் பட்டு அது வெடிச்சு நூத்துக்கணக்குல சின்னச் சின்ன துணுக்கா சிதறுது, புயலோட முன்வரிசைக் காத்து அதை அப்படியே தரைக்குத் தள்ளிக்கிட்டு வருது, அந்தத் துணுக்கு நேரா நுரையீரல் வரைக்கும் போகும். மழை ஆபத்தில்ல, மழைக்கு முன்னாடி வர்ற அந்த ஜிலு ஜிலு காத்துதான் ஆபத்து, நாம ரசிச்சு நெஞ்சை விரிச்சு நிக்கிறோமே அதே காத்து.

2017ல இருந்து வருஷா வருஷம் அக்டோபர் 1ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும் இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு குடுக்கறாங்க, விக் எமர்ஜென்சின்னு விக்டோரியா அரசாங்க ஆப்ல அன்னைக்கும் அடுத்த ரெண்டு நாளைக்கும் பச்சை ஆரஞ்சு சிவப்புன்னு காட்டும். சிவப்பு அன்னைக்கு மேகம் வர்றதுக்கு முன்னாடி உள்ள போயிடுங்க, கதவு ஜன்னலை மூடுங்க, கார்ல இருந்தா ஏசியை ரீசர்க்குலேட்ல போடுங்க. வீட்டு கூரை மேல இருக்கறது எவாபரேட்டிவ் கூலர்னா அதை அணைங்க, அது வெளிக் காத்தை இழுத்து உள்ள ஊதற மெஷின், ஜன்னலை மூடிட்டு அதை ஓட விட்டா ஒரு புண்ணியமும் இல்ல, பாதிப் பேருக்கு இது தெரியாது.

நீலப் பஃப்பர் பார்மசில சீட்டு இல்லாம கிடைக்கும். ஹே ஃபீவர் இருக்கற ஒவ்வொருத்தரும் செப்டம்பர் கடைசிக்குள்ள ஜிபிகிட்ட பேசிட்டு, பஃப்பரும் ஸ்பேசரும் வாங்கி ஒண்ணு வீட்டுல, ஒண்ணு பைல, எக்ஸ்பயரி தேதி பாத்து. ஆனா வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல அதைத் தேட வேண்டியிருக்கு, இல்ல ராத்திரி இருமி எந்திரிக்கிறீங்கன்னா நீலத்தை மட்டும் வெச்சு ஓட்டாதீங்க. அது குழாயை விரிக்குமே தவிர உள்ள இருக்கற வீக்கத்தைத் தொடாது, அதுக்கு ஸ்டீராய்டு சேந்த இன்ஹேலர் வேணும், டாக்டர்தான் எழுதணும்.

சீசனே இல்ல, வருஷம் பூரா காலைல எந்திரிச்சதும் தும்மல், வெளிய போனா சரியாகுது

படுக்கையும் கார்ப்பெட்டும். நம்ம ஊர்ல மொசைக் தரை, தினமும் துடைப்போம், பாயை உதறி வெயில்ல போடுவோம். இங்க வாடகை வீட்டுல சுவத்துக்கு சுவரு கார்ப்பெட், எத்தனை குடும்பம் குடியிருந்துச்சோ, அதுக்குள்ள டஸ்ட் மைட்னு கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி பரம்பரையா வாழுது. பெட்ஷீட், தலகாணி உறையை வாரம் ஒரு தடவை 60 டிகிரி சூட்டுல துவைங்க, கோல்ட் வாஷ்ல அது சாகாது, குளிச்சிட்டு வரும். மெத்தைக்கும் தலகாணிக்கும் மைட் ப்ரூஃப் கவர். கார்ப்பெட் மேல குழந்தை பொம்மையோட உருள்ற ரூமை முதல்ல கவனிங்க.

குளிர்காலத்துல மட்டும் மோசம்னா பூஞ்சை. ஜூன் ஜூலைல கதவெல்லாம் சாத்தி, ஹீட்டர் போட்டு, துணியையும் உள்ளயே ஸ்டாண்டுல காயப் போட்டா அந்த ஈரம் எங்க போகும்? காலைல ஜன்னல் கண்ணாடில ஆறா ஓடும், அலமாரிக்குப் பின்னாடி கறுப்பு புள்ளி புள்ளியா. பத்து நிமிஷம் ஜன்னல் திறங்க, பாத்ரூம் ஃபேனைக் குளிச்ச பிறகும் ஓட விடுங்க. கூரை ஒழுகி, சுவர் ஊறி வர்ற பூஞ்சைன்னா அது உங்க தப்பில்ல, கட்டடத்தால வர்ற ஈரமும் பூஞ்சையும் இல்லாத வீடா குடுக்கணும்னு விக்டோரியா வாடகைச் சட்டத்துலயே 2021ல இருந்து இருக்கு, போட்டோ எடுத்து ஏஜென்ட்டுக்கு எழுத்துல அனுப்புங்க. போன்ல சொன்னா சொன்னதோட போச்சு.

தாளிக்கறப்ப எல்லாரும் இருமறோம், ஸ்மோக் அலாரம் வேற கத்துது

இது அலர்ஜி இல்ல, எரிச்சல். காஞ்ச மிளகாய் எண்ணெய்ல விழுந்தா சென்னைலயும் இருமத்தான் செய்வோம், ஆனா அங்க சமையல்கட்டு ஜன்னல் திறந்திருக்கும். செட்ரிசின் போட்டா இதுக்குக் கேக்காது. அடுப்பு மேல இருக்கற ரேஞ்ச் ஹூட் புகையை வெளிய தள்ளுதா, இல்ல ஃபில்டர்ல புகுந்து உங்க முகத்துலயே திரும்ப ஊதுதான்னு பாருங்க, நிறைய வாடகை வீட்டுல ரெண்டாவது ரகம்தான். கேஸ் அடுப்புன்னா மிளகாய் இல்லாட்டியும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், குழந்தைங்க ஆஸ்துமாவுக்கு அது ஒரு காரணம்னு ஆஸ்திரேலியா ஆய்வுகளே சொல்லுது. எங்க வீட்டுல இப்ப தாளிப்பு எல்லாம் பின்கட்டுல ஒரு சின்ன எலக்ட்ரிக் அடுப்புல. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவத்தி, ஊதுவத்தி இதையும் மூடின வீட்டுக்குள்ள கொளுத்தாதீங்க, சாமி கோவிச்சுக்க மாட்டார்.

காட்டுத்தீ புகையும் இதே கணக்குதான். 2020 ஜனவரில மெல்போர்ன் முழுக்க மஞ்சளா மூடிக் கிடந்துச்சு. அப்ப துணி மாஸ்க் உதவாது, பி2 இல்லாட்டி என்95 மாஸ்க் முகத்தோட ஒட்டிப் போட்டாத்தான் உண்டு, தாடி இருந்தா அதுவும் பாதிதான்.

மூக்கு திறக்கவே மாட்டேங்குது, சொட்டு விட்டா ரெண்டு மணி நேரம் சுகம்

ஓட்ரிவின் மாதிரி அடைப்பு எடுக்கிற சொட்டை எத்தனை நாளா விடறீங்க? சில நாளைக்கு மேல போனா அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும், விடறதை நிறுத்தினா இன்னும் வீங்கும், அதனால திரும்ப விடுவீங்க. நிறுத்துங்க, ஒரு வாரம் ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும், அந்த நேரத்துல ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புத்தண்ணி கழுவலும் கை குடுக்கும். கழுவற தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வைங்க, குழாய்த் தண்ணியை நேரா மூக்குல விடாதீங்க.

இருமல் மூணு வாரம் தாண்டிடுச்சு

சங்கடமான விஷயம், ஆனா சொல்லித்தான் ஆகணும்: காசநோய். விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரே அன்னைக்கு நெஞ்சு எப்படி இருந்துச்சுன்னு மட்டும்தான் காட்டும். ஊர்ல எப்பவோ உள்ள போய்த் தூங்கிட்டிருந்த கிருமி வெளிநாடு வந்த முதல் சில வருஷத்துல முழிச்சுக்கறது உண்டு. சாயங்காலம் லேசா ஜுரம், ராத்திரி வேர்வை, எடை குறையுதுன்னா அலர்ஜின்னு சமாதானம் சொல்லிக்காம ஜிபிகிட்ட "நான் இந்தியால இருந்து வந்தவன், டிபி பாக்கணுமா"ன்னு நீங்களே கேளுங்க, அவங்களுக்கு முதல்ல தோணாது. விக்டோரியால இதுக்கு சிகிச்சை இலவசம்.

இன்னொரு காரணம் பிபி மாத்திரை. ராமிப்ரில், எனலாப்ரில்னு ‘பிரில்’ல முடியிற மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமல் தரும். எங்க மாமனார் ரெண்டு மாசம் இருமி, மிளகு கஷாயம் குடிச்சு, கடைசில பாத்தா அதுதான், டாக்டர் மாத்திரையை மாத்தினதுக்கு அப்புறம் படிப்படியா நின்னுச்சு. நீங்களா நிறுத்திடாதீங்க.

குழந்தையை சைல்ட்கேர்ல சேத்த முதல் வருஷம் மாசம் ஒரு ஜுரம், அதனால வீட்டுல எல்லாருக்கும் இருமல்னா அது பெரும்பாலும் வைரஸ்தான். ஏப்ரல்ல ஃப்ளூ ஊசி போட்டுடுங்க.

ஊருக்குப் போனா மூக்கு சரியாகுது, அம்மா அப்பா இங்க வந்தா அவங்களுக்கு இழுக்குது

டிசம்பர்ல சென்னைல இறங்கினதும் மூக்கு திறந்துடும், ஏன்னா அங்க ரைகிராஸ் இல்ல. வியாதி போயிடுச்சுன்னு பஃப்பரை மெல்போர்ன்லயே விட்டுட்டுப் போகாதீங்க, ஒரு தடவை இறுகிப் பழகின நெஞ்சுக்கு போகிப் புகையே போதும். நான் 2019ல போகி அன்னைக்கு விடியக்காலைல மாம்பலத்துல மெடிக்கல் ஷாப் திறக்க காத்துக்கிட்டு நின்னேன்.

பெரியவங்களை கூட்டிட்டு வர்றதுன்னா நிறைய பேர் ஸ்கூல் லீவு பாத்து, மலிவா விக்கிற டிக்கெட் பாத்து அக்டோபர் நவம்பர்ல இறக்கிடறாங்க. ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கற அம்மாவை நேரா புல்லு சீசன்ல கொண்டு வந்து விடறோம், ஜூலைல வந்தா குளிர் காத்து இழுக்க வைக்கும். பிப்ரவரி கடைசில டிக்கெட் போடுங்க, மே வரைக்கும் மூணு மாசம் நல்லா இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க ஊர்ல எடுக்கற இன்ஹேலர் பேரை டாக்டர் சீட்டோட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மருந்தை ஹேண்ட் லக்கேஜ்ல வைக்கச் சொல்லுங்க. எங்கம்மா பொடி, ஊறுகாய் எல்லாம் கைப்பைல வெச்சுக்கிட்டு இன்ஹேலரை செக்-இன்ல போட்டுட்டாங்க, அந்தப் பொட்டி சிங்கப்பூர்ல நின்னு மறுநாள்தான் வந்துச்சு.